மூணு தண்ணி

1

அன்வர், நஸ்ரின், இதை அத்தா தமிழில்தான் எழுதுகிறேன். இங்கிலீஷில் எனக்குக் கடையில் சாமான் கேட்க வரும், ஆபீசில் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட வரும். இந்த விஷயத்தைச் சொல்ல வராது. அன்வர், உனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆகவே தங்கச்சி எழுத்துக் கூட்டி வாசிக்க, நீ கேட்க வேண்டும். நடுவில் எழுந்து போய்விடாதே. நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் ரெண்டு பேரும் சிரித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் ஒரு பிரதி ஊருக்கும் அனுப்பப் போகிறேன். விருதுநகரிலும் சாத்தூரிலும் நம் ஆட்கள் என்னைப் பற்றி ஒரு மாதிரி உயர்வாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் மாறட்டும்.

போன வாரம் நாம் ஆஸ்திரேலியா வந்து ஒன்பது வருடம் முடிந்தது. அம்மா நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கியிருந்தாள். நான்கு பேரும் மேசையில் உட்கார்ந்தோம். உப்பு என் பக்கம் இருந்தது. அன்வர், நீ என்னிடம் கேட்கவில்லை. தங்கச்சியைப் பார்த்து, "டெல் ஹிம் டு பாஸ் த சால்ட்" என்றாய். அவள் "அத்தா, உப்பு" என்றாள். நான் அவளிடம் கொடுக்க, அவள் உன்னிடம் கொடுத்தாள். மூன்றடி மேசையில் உப்பு ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. இரண்டு மாதமாக இப்படித்தான் போகிறது.

நான் உன்னை அடித்தேன், அதனால் நீ பேசவில்லை. ஏன் அடித்தேன் என்பதில் உனக்குத் தெரிந்தது பாதி. மீதியைச் சொல்கிறேன்.

2

அந்த டிரெய்லர் நம் வீட்டுக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். ஊரில் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். நான் வேலை பார்ப்பது கோதுமை கொட்டி வைக்கிற இரும்புக் குதிர்கள் செய்யும் கம்பெனி. அங்கே வந்து போகிற ஒரு வயசான விவசாயி, தன் கொட்டகைக்குப் பின்னால் புல் மூடிக் கிடந்த டிரெய்லரைக் காட்டி, வேண்டுமானால் இழுத்துக்கொண்டு போ என்றார். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற ரெண்டு சக்கரப் பெட்டி. ஒரு சக்கரம் இல்லை. அடித்தகடு துருவேறிச் சல்லடையாகி இருந்தது. பல வருடம் உர மூட்டை சுமந்த வண்டி.

அதற்கு முன்னாலும் வீட்டுக் கொட்டகையில் நான் சும்மா இருந்ததில்லை. நஸ்ரினுக்குக் கட்டில், அம்மாவுக்குத் துணி காயப்போடும் கம்பம், வாசலுக்குக் கேட் எல்லாம் செய்தேன். ஆனால் அன்வர் தானாக வந்து கூட நின்றது இந்த டிரெய்லருக்குத்தான். சனிக்கிழமை காலையில் நான் கூப்பிடாமலே கையுறை மாட்டிக்கொண்டு வருவாய். கிரைண்டர் பிடிக்கும்போது உன் கை என் கையை விட நிதானம். அது யாருடைய கை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

வண்டியைப் பதிய ரெஜிஸ்டர் ஆபீசுக்கு மூன்று தடவை அலைந்தோம். இந்த வண்டிக்கு முன்னால் சொந்தக்காரர் யார், இரும்பில் அடித்த எண் எங்கே, விளக்கு எங்கே என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். நான் பதில் சொல்ல வாய் திறந்ததும், "அத்தா, நீங்க பேசாதீங்க, நான் பேசுறேன்" என்று நீ முந்திக்கொண்டாய். நீயும் அவளும் ஏதோ சொல்லிச் சிரித்தீர்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும். பரவாயில்லை. துருவைச் சுரண்டி எண்ணைக் கண்டுபிடித்தது நீதான். அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது நீ சொன்னாய்: "அத்தா, ஃபினிஷ் பண்ணினதும் நம்ம ரெண்டு பேர் மட்டும் எங்கயாச்சும் போலாம்."

டிரெய்லரை இழுப்பதற்காக அதன் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற கனமான குழாயை நான் ஏர்க்கால் என்பேன். நீங்கள் டிராபார் என்பீர்கள். அது உள்ளே பொள்ளல், வெறும் கூடு. அதில் வெல்டிங் நெருப்பு வைக்கும் முன் மூணு தண்ணி விட வேண்டும் என்று சொன்னேன். முதல் தண்ணி அழுக்கை அடித்துக்கொண்டு போக. இரண்டாவது, மூக்குத் துளையை அடைத்து ஒரு ராத்திரி ஊற. மூன்றாவது, அலச. விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நஸ்ரின், "அத்தா டிரெய்லருக்கு பாத் குடுக்குறாங்க" என்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

அன்வர் கேட்டாய்: "இது டிரெய்லரா, மையித்தா? மூணு தடவ குளிப்பாட்டுறீங்க?"

பள்ளிவாசலில் இறந்துபோன ஒரு பெரியவரின் உடலைக் குளிப்பாட்டியதை நீ போன வருடம் பார்த்திருந்தாய். அந்த நினைப்பில் சொன்னாய். நானும் சிரித்தேன்.

3

சாத்தூர் ரோட்டில், அச்சங்குளத்துக்குத் திரும்புகிற விலக்கில், பெரியத்தாவுக்கும் எனக்கும் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. பெரியத்தா என்று நீங்கள் போனில் பேசுகிற என் அண்ணன் ஜாபர்தான் அதில் வெல்டர். நான் பிடித்துக்கொடுக்கிறவன், கழுவுகிறவன். பட்டாசு ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற பட்டாசுத் தொழிற்சாலை எதற்குள்ளும் வெல்டிங் மெஷினைக் கொண்டுபோக முடியாது. அதனால் உடைந்த ரேக்கு, தள்ளுவண்டி, டிராக்டர் டிரெய்லர் எல்லாம் வெளியே எங்களிடம் வரும். வெடிமருந்து மூட்டை ஏற்றின வண்டியின் பொள்ளல் குழாய்க்குள் போல்ட்டு ஓட்டை வழியாக வருடக்கணக்கில் பொடி இறங்கி அடைந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. ஆகவே மூணு தண்ணி. எங்கள் பக்கத்தில் எல்லாப் பட்டறையிலும் அந்த வழக்கம் உண்டு. கழுவினவன் ஒருத்தன், நெருப்பு வைக்கிறவன் ஒருத்தன் என்றால், வைக்கிறவன் வாய் திறந்து கேட்க வேண்டும், கழுவினவன் வாய் திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது.

தீபாவளி சீசன். ஒரு டிரெய்லர் வந்தது, ஏர்க்கால் விரிசல் விட்டு. பட்டாசு ஆபீஸ் போர்மேன் சாயங்காலமே வேண்டும் என்று நின்றார். "லோடு நிக்குதுப்பா. வண்டி இல்லாம மூட்டைய நான் தலையிலயா சுமப்பேன்?" என்றார்.

அந்த வாரம் தண்ணீர் லாரி வரவில்லை. டிரம்மில் ஆறு குடம்தான் இருந்தது. அன்று சாயங்காலம் விருதுநகரில் அம்மாவின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். நான் குளிக்க வேண்டும். இதுதான் காரணம், பிள்ளைகளே. இதை விடப் பெரிய காரணம் ஒன்று எனக்குக் கிடைக்காதா என்று பத்து வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். குளிக்கத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். ரெண்டு குடத்தை டிரெய்லரின் பலகை மேல் ஊற்றி, பார்வைக்கு ஈரமாக்கினேன். ஏர்க்காலுக்குள் ஒரு சொட்டு விடவில்லை. நாலு குடத்தை மிச்சம் பிடித்தேன்.

அண்ணன் டீ குடித்துவிட்டு வந்தார்.

"ஏலே காதர், மூணு தண்ணியும் ஆச்சா?"

"ஆச்சுண்ணே."

"ஊற வெச்சியா?"

"நேத்தே வெச்சேன்."

வண்டி வந்ததே அன்று காலையில்தான். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கல்யாண மாப்பிள்ள கணக்கா அவசரத்துல இருக்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்தார்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. குக்கர் மூடி பறக்கிற சத்தம். விரிசல் வழியாகவும் குழாயின் வாய் வழியாகவும் வெள்ளையாக ஒரு தீ வந்து போனது. அண்ணன் முகமூடியைத் தூக்கி விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. நான் டிரம்முக்கு ஓடினேன். மிச்சம் பிடித்த நாலு குடத்தையும் அவர் மேல் ஊற்றினேன்.

4

பெரியத்தாவுக்கு வலது கண் ஏன் இல்லை, வலது கை விரல்கள் ஏன் ஒட்டியிருக்கின்றன என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், கழுவாமல் வண்டியை அனுப்பிவிட்டார்கள், பட்டாசு ஆபீஸ்காரர்கள் தப்பு என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னேன்.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்து விசாரித்தார்கள். முகம் முழுக்கக் கட்டோடு அண்ணன் சொன்னார்: "நான்தான் கழுவுனேன். அவசரத்துல சரியாக் கழுவல." நான் கட்டில் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதிர்ச்சியில் அவருக்கு ஞாபகம் குழம்பிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு வர வேண்டியது நான் இல்லை. மதுரையில் ஏஜெண்ட் வைத்த வெல்டிங் சோதனையில் தேறினது அண்ணன். மெடிக்கல்கூட முடிந்திருந்தது. விபத்தைச் சொல்ல நான்தான் ஏஜெண்டிடம் போனேன். அவர் பட்டியலில் அண்ணன் பெயரை அடித்துவிட்டு, நிமிர்ந்து, "தம்பியும் வெல்டரா?" என்று கேட்டார். அண்ணன் அப்போது கட்டிலில் முனகிக்கொண்டு கிடக்கிறார். என் நெஞ்சில் அந்த நேரம் வந்தது துக்கம் இல்லை. சந்தோஷம். இவ்வளவையும் எழுதினது இந்த ஒரு வரியைச் சொல்லத்தான்.

சோதனைக்கு என்னைத் தயார் செய்ததும் அண்ணன்தான், படுத்தபடியே. "ராடப் பாக்காதலே, உருகுறதப் பாரு. கைய விரட்டாத. எடம் வீணாப் போகக் கூடாது" என்பார். நர்ஸ் அவர் கையில் கட்டுப் பிரிக்கும்போது சத்தம் போடுவார். கட்டி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து பாடத்தை ஆரம்பிப்பார்.

நீங்கள் படுக்கிற அறை, போகிற பள்ளிக்கூடம், பேசுகிற இங்கிலீஷ் எல்லாம் ஜாபரின் பிள்ளைகளுக்கு வர வேண்டியது. ஜாபர் இப்போது சிவகாசியில் ஒரு அச்சுக் கம்பெனியின் கேட்டில் நிற்கிறார். வருகிற லாரியின் நம்பரை எழுத முடியாமல், டிரைவர்களையே நோட்டில் எழுதச் சொல்கிறார்.

5

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

முதல் ரெண்டு தண்ணியும் அதற்கு முந்தின வாரம் நானே விட்டு வடித்துவிட்டேன். மூன்றாவதை அன்வரிடம் விட்டேன். வெல்டிங் ராடு வாங்கக் கடைக்குப் போய் வருவதற்குள் முடித்து வை என்றேன். திரும்பி வந்தபோது நல்ல வெயில். டிரெய்லர் மூக்கு தரையில் சாய்ந்து நின்றது. அதன் கீழே சிமெண்டுத் தரை ஒரு பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. நீ நிழலில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாய்.

"மூணாவது தண்ணி ஆச்சா?"

"ஆச்சு, அத்தா."

தலையைத் தூக்காமல் சொன்னாய். அந்த ஒரு சொல். அதே மாதிரி, அதே அசட்டையாக. நான் தரையைப் பார்த்தேன். மறுபடியும் கேட்டேன்.

"ஐ டிட் இட். எத்தன தடவ கேப்பீங்க?"

அடித்தேன். கையில் தோல் கையுறை இருந்தது. அதன் தையல் உன் கன்னத்தில் கோடு போட்டது. நீ விழுந்ததும் நான் நிறுத்தவில்லை, இன்னொன்று அடித்தேன். "பொய்க்காரப் பயலே, உன்ன மாதிரி ஒருத்தனாலதான் உன் பெரியத்தா கண்ணு போச்சு" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். அம்மா ஓடி வந்து உன்னை இழுத்துக்கொண்டு போனாள். போகிற போக்கில் என்னிடம், "இரும்பத்தான் அடிக்கத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கன்னத்தைப் பார்த்தார்கள். புதன்கிழமை பைல் ஒன்றோடு குழந்தைப் பாதுகாப்பு ஆபீசிலிருந்து ஒரு அதிகாரியம்மா வீட்டுக்கு வந்தார். பையன் இந்த வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறானா என்று கேட்டார். "ரொம்பப் பாதுகாப்பு. முன்கதவில் ரெண்டு பூட்டு, பின்கதவில் ஒன்று" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தவர், நான் நீட்டிய டீயை வாங்கவில்லை.

கோபத்தை அடக்குகிற வகுப்புக்கு ஆறு வாரம் போகச் சொன்னார்கள். போனேன். ஒரு காகிதத்தில் வெப்பமானி படம் கொடுத்து, உங்கள் கோபம் எதுவரை ஏறியது என்று கலர் அடிக்கச் சொன்னார்கள். முழுவதும் சிவப்பு அடித்துக் கொடுத்தேன். டீச்சர் பாராட்டினார். அது கோபம் இல்லை என்று சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை.

6

ஒன்பது வருடம் முடிந்த அந்த விருந்துக்கு மறுநாள் போன் கார்டு வாங்கி அண்ணனுக்குப் போன் போட்டேன். பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது என்று கார்டுக்காரியின் பதிவுக் குரல் சொன்னது.

"சொல்லுலே. அங்கன நாளைக்கு ஆயிருச்சா?" ஒவ்வொரு தடவையும் இதைத்தான் கேட்பார்.

"மத்தியானம் ஆச்சுண்ணே. சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. உன் மைனி ஊட்டிவிட்டா. நானாத் தின்னா சட்டினி பூராச் சட்டைக்குப் போகுதாம். பிள்ளைக எங்க?"

"அன்வர அடிச்சிட்டேண்ணே. ரெண்டு மாசமாப் பேச மாட்டேங்கான்."

"எதுக்கு அடிச்ச?"

"டிரெய்லரு ஏர்க்காலக் கழுவாம, கழுவிட்டேன்னான்."

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்து நின்றது. அண்ணன் அதைக் கவனிக்கவில்லை.

"அண்ணே, அன்னைக்கு அந்த வண்டிய நான்..."

"தெரியும்லே."

"என்ன தெரியும்?"

"பலகையத்தான் நனைச்சிருந்த. ஏர்க்கால் அடியில தரை காஞ்சு கிடந்துச்சு. அப்ப எனக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தான இருந்துச்சு."

"பாத்துட்டா ராடு வெச்சீக?"

"நீ ஆச்சுன்னு சொன்னேல்ல."

பிறகு கேட்டேன், போலீசிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"உன் பேரச் சொல்லியிருந்தா உனக்குப் பாஸ்போர்ட்டு வந்திருக்குமா? கூறுகெட்ட பய."

"மன்னிச்சிருங்கண்ணே."

"மொத வருசம் கேட்டிருந்தா மன்னிச்சிருப்பேன். அப்ப எனக்கு யாரையாச்சும் மன்னிக்கணும் போல இருந்துச்சு. மூணாவது வருசம் கேட்டிருந்தா வைதிருப்பேன். இப்ப நீ பாரத்த இறக்கி வைக்க எடம் தேடுற. ஏலே, நான் கேட்டுல நிக்கிறவன். லோடு இறக்குறவன் இல்ல."

நான் அழுதேன். அவர் அது முடியும் வரை காத்திருந்தார்.

"அந்தப் பய நெசமாவே கழுவலியா? ஏர்க்காலுக்குள்ள பாத்தியா?"

"தரை காஞ்சு கிடந்துச்சுண்ணே."

"அன்னைக்கும்தான் காஞ்சு கிடந்துச்சு. நான் தரையவா நம்புனேன்?"

அப்புறம் அவர், "இனிமே நீ போன் பண்ணாத. பிள்ளைகளப் பேசச் சொல்லு, அது போதும்" என்றார். வைத்துவிட்டார். கார்டில் இன்னும் நாலு நிமிடம் இருந்தது.

7

நஸ்ரின், இந்த இடத்தை மெதுவாக வாசி.

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். அடித்த நாளிலிருந்து யாரும் அந்த டிரெய்லரைத் தொடவில்லை. அதே மாதிரி மூக்கு சாய்ந்து நின்றது. ஏர்க்காலின் முனையில் தண்ணீர் வடிகிற துளை ஒன்று உண்டு. குனிந்து பார்த்தேன். துளையைக் காணவில்லை. அந்த இடத்தில் மண் பூசியிருந்தது. குளவிக்கூடு. இந்த ஊர்க் குளவிக்கு ஒரு துளையை அடைக்க ரெண்டு நாள் போதும். நான் ரெண்டாவது தண்ணியை வடித்ததற்கும் நீ மூன்றாவது தண்ணியை விட்டதற்கும் நடுவில் ஒரு வாரம் இருந்தது.

ஆணி ஒன்றை எடுத்தேன். உடனே குத்தவில்லை. உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், அன்வர். நீ பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெற்ற தகப்பன் இப்படி வேண்டுவானா என்றால், நான் வேண்டினேன்.

பிறகு குத்தினேன். மண் உதிர்ந்தது. துருவேறிய தண்ணீர், டீ நிறத்தில், முதலில் சொட்டாக வந்தது, அப்புறம் கம்பியாக. என் செருப்பை நனைத்து, தரையில் விரிந்து, சுவர் ஓரம் வரைக்கும் போனது. நீ அரைகுறையாகக் கழுவியிருக்கவில்லை. நிறையத்தான் விட்டிருந்தாய்.

முன்பெல்லாம் பள்ளிக்குப் போக சைக்கிளை எடுக்க நீ கொட்டகை வழியாகத்தான் வருவாய். தரை ஈரமாக இருக்கும்போதே வந்து பார்க்கட்டும் என்று அங்கேயே நின்றேன். முன்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இப்போதெல்லாம் சைக்கிளை நீ முன்வாசலில்தான் நிறுத்துகிறாய்.

வெயில் கதவுக்குள் இறங்கிவிட்டது. ஓரத்தில் தரை காய ஆரம்பித்தது. தகடு வெட்டுவதற்குக் குறி போடுகிற வெள்ளைச் சாக்குக்கட்டியைப் பையிலிருந்து எடுத்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் எதுவரை போயிருந்ததோ அதுவரை, காய்வதற்குள் சுற்றிலும் ஒரு கோடு போட்டேன்.